ஆட்டம் இருந்தாத்தான் மீன் வரும்

(பேசினதைக் கொஞ்சமா திருத்தி எழுத்தாக்கியிருக்கோம்.)

போன எபிசோட்ல 3டி பிரிண்டர் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தான்: "அண்ணா, எல்லாத்தையும் பிரிண்ட் பண்ணிடலாம்னா, கையால செய்யறதுக்கு என்னதான் மிச்சம் இருக்கு?" இதுக்குப் பொத்தாம்பொதுவா பதில் சொன்னா அது வாட்ஸப் ஃபார்வர்ட் மாதிரி ஆயிடும். அதனால ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு, இன்னைக்கு முழுக்க அதைப் பத்தியே பேசப் போறேன். கடைசல் மிஷின்ல கடைஞ்சு செய்யற மர மீன்.

லூர்னு சொல்வாங்க. தமிழ்ல போலி இரைன்னு வச்சுக்குவோம். மண்புழு வேணாம், தவளை வேணாம். மரத்துலயோ பிளாஸ்டிக்லயோ மீன் மாதிரி ஒன்னைச் செஞ்சு, அதுல தூண்டில் முள்ளை மாட்டி, தண்ணியில எறிஞ்சு இழுக்கணும். பெரிய மீன் அதைச் சின்ன மீன்னு நம்பிப் பாயணும். நம்ம பக்கத்துத் தண்ணியில அப்படிப் பாயற ஆள்னா விரால்தான்.

இது நம்ம கண்மாய்ப் பழக்கம் இல்லைங்கிறதை முதல்லயே சொல்லிடறேன். நமக்கு வலை இருக்கு, ஊத்தா இருக்கு, கச்சா இருக்கு. கோடையில தண்ணி வத்தும்போது மேலூர்ப் பக்கம், சிங்கம்புணரிப் பக்கம் மீன்பிடித் திருவிழான்னு ஊரே கண்மாயில இறங்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தன் மரக்கட்டையை எறிஞ்சு எறிஞ்சு இழுத்துக்கிட்டு நின்னா, பாவம்னு அவனுக்கும் ரெண்டு கெண்டையைக் கொடுத்து அனுப்புவாங்க. கடல்ல கதை வேற. கன்னியாகுமரிப் பக்கம் கணவாய்த் தூண்டில் போடறவங்களுக்குப் போலி இரை பழகின சாமான். ஆனா நம்ம கண்மாய்க்கு இது வெளியூர்ச் சரக்குதான்.

எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா ரெண்டு ஊர்ப் பேர் சொல்வேன். முதல் ஊர், அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல டொவாஜியாக். ஜேம்ஸ் ஹெட்டன்னு ஒருத்தர். தேனீ வளர்க்கிறவர், பத்திரிகையும் நடத்தினவர். குளத்தங்கரையில உட்கார்ந்து ஒரு குச்சியைச் சும்மா செதுக்கிக்கிட்டிருந்தாராம். அதைத் தண்ணியில தூக்கிப் போட்டதும் ஒரு மீன் பாய்ஞ்சு அடிச்சதாம். இது உண்மையோ, பின்னாடி கம்பெனிக்காகச் சொன்ன கதையோ, அவர் 1890கள்ல மரத்துல தவளை செதுக்கினது நிஜம். அதுக்கப்புறம் அந்தக் குடும்பம் கம்பெனி போட்டு மர லூரை லட்சக்கணக்குல வித்தாங்க. அங்கதான் இது கத்தி வேலையில இருந்து கடைசல் வேலையா மாறுது. ஆயிரம் உருப்படி ஒரே மாதிரி வேணும்னா செதுக்கிக்கிட்டு உட்கார முடியாது, சுத்த விட்டுத்தான் ஆகணும்.

ரெண்டாவது ஊர் பின்லாந்துல. லௌரி ரபலான்னு ஒரு ஏழை மீனவர். 1936-ல தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால செதுக்கி, சாக்லேட் சுத்தி வர்ற மினுமினுப்புத் தாளை அது மேல ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி வார்னிஷ் மாதிரி பூசினார். நீங்க மார்வெல் படத்துல டோனி ஸ்டார்க் குகைக்குள்ள உட்கார்ந்து செய்யறதைப் பார்த்துக் கை தட்டினீங்கல்ல, அதே வேலைதான். 1962 ஆகஸ்ட்ல லைஃப் பத்திரிகை அவர் லூரைப் பத்தி எழுதுச்சு. அட்டையில மர்லின் மன்றோ, அவங்க இறந்த சமயம். அந்த இதழை யாரும் வாங்காம இல்லை. உள்ள இருந்த மீன் கதையையும் அத்தனை பேரும் படிச்சாங்க. ஆர்டர் குவிஞ்சிடுச்சு.

எனக்கு ரபலா கதையில பிடிச்சது சாக்லேட் தாள் இல்லை. அவர் படகுல உட்கார்ந்து பார்த்த ஒரு விஷயம். சின்ன மீன்கள் கூட்டமா போகும்போது, வேட்டை மீன் சும்மா பின்னாடியே போய்க்கிட்டிருக்கும். அந்தக் கூட்டத்துல ஒன்னே ஒன்னு லேசா சாய்ஞ்சு, நடுக்கோட்டை விட்டு விலகி, தடுமாறி நீந்தினா போதும், பாய்ச்சல் அது மேலதான். அடிபட்டதுன்னு அதுக்குத் தெரியுது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் அவர் தக்கையில கொண்டுவரப் பார்த்தார்.

இப்ப இதைக் கடைசல் மிஷின் பக்கத்துல வச்சு யோசிச்சுப் பாருங்க. அந்த மிஷின் எதுக்கு இருக்கு? தடுமாற்றமே இல்லாத பொருளைச் செய்யறதுக்கு. ரெண்டு முனைக்கு நடுவுல மரத்தை மாட்டி, சுத்த விட்டு, உளியைக் காட்டினா எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வட்டம். மேல் கீழ் கிடையாது, முதுகு வயிறு கிடையாது. மீன் பாயணும்னா இது எல்லாம் வேணும். என் ஒரு வருஷ சனி ஞாயிறு இந்த முரண்பாட்டுக்குள்ளதான் போச்சு.

நான் திருநகர்ப் பையன்னு பழைய கேட்பாளர்களுக்குத் தெரியும். இங்க இருந்து ஹார்விப்பட்டி போற பக்கம் ஒரு சந்துல கடைசல் பட்டறை இருக்கு. ஆசாரி ஐயாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. ஹார்விப்பட்டின்னு பேர் வந்ததே மில்லாலதான், மில் தொழிலாளிங்களுக்காக உண்டான ஊர். மில்லுல நூல் சுத்தற பாபின் ஒரு காலத்துல மரம். அது எல்லாம் கடைசல் வேலை. இவர் சின்ன வயசுல ஒரு மில்லுக்குப் பாபின் கடைஞ்சு கொடுத்திருக்கார். பாபின் பிளாஸ்டிக் ஆனதும் கட்டில் கால், தொட்டில் கட்டை, மாடிப்படித் தூண்னு மாறினார். அதுவும் ஸ்டீலுக்குப் போனதும் பம்பரம், சப்பாத்திக் கட்டை. நான் போனப்ப மிஷினை எடைக்குப் போடறதுக்கு ஒருத்தரோட விலை பேசிக்கிட்டிருந்தார். கிலோ கணக்குல.

முதல் தடவை நான் போன்ல படத்தைக் காட்டி, "ஐயா, இந்த மாதிரி மீன் வேணும்"னு சொன்னேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுப் பார்த்தார். "ஏந்தம்பி, மீன் பிடிக்க மீனா?"ன்னு கேட்டார். இதை விடச் சுருக்கமா லூருக்கு விளக்கம் எந்த வீடியோவுலயும் நான் பார்த்ததில்லை.

மரத்துல இருந்து ஆரம்பிப்போம். பால்சான்னு ஒரு மரம் இருக்கு, லூர் செய்யறவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், தெர்மாகோல் மாதிரி லேசு. ஆனா கடைசல்ல உளி பட்டா பிஞ்சுக்கிட்டு வரும். விரால் கடிச்சா பல் இறங்கிடும். நம்ம ஊர் நெட்டியும் அப்படித்தான், தஞ்சாவூர்ல அதுல கோயில் கோபுரமே செய்வாங்க, ஆனா அது கத்தி வேலைக்கு. தேக்கு நல்லா கடையும், கனம் ஜாஸ்தி. சென்னபட்டணா பொம்மைக்கும் ஆந்திராவுல ஏட்டிகொப்பாக்கா பொம்மைக்கும் ஒரு வெள்ளை மரம் பயன்படுத்தறாங்க. என்னன்னு பார்த்தா நம்ம வெட்பாலை! பொடுகுக்கும் சொறிக்கும் ஊதா நிறத்துல தைலம் வருமே, அதே மரம். இழை மெல்லிசு, வெண்ணெய் மாதிரி கடையும். அது கையில கிடைக்காததால ஐயா மலைவேம்பை எடுத்துக் கொடுத்தார். பிளைவுட்டுக்காக வளர்க்கிறாங்களே, அது. ஒரு துண்டை எடை போட்டுப் பார்த்தேன். ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.45 கிராம் வந்துச்சு. மிதக்கும், ஓரளவு அடியும் தாங்கும்.

இந்த இடத்துல எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் எழுந்து உட்கார்ந்தான். 12 செ.மீ. நீளம், நடுவுல 2.5 செ.மீ. குறுக்களவு, ரெண்டு பக்கமும் ஒடுங்கற உருவம். கனஅளவு சுமாரா 36 கன செ.மீ. அப்படின்னா 36 கிராம் வரைக்கும் மிதக்கும். மரம் 16 கிராம். கம்பி, வளையம், முள் எல்லாம் சேர்ந்து 7 கிராம். மிச்சம் 13. இதுதான் பட்ஜெட். இதுக்குள்ள எவ்வளவு எடையை எங்க வைக்கிறோம்கிறதுல மீன் உயிரோட இருக்கா செத்திருக்காங்கிறது முடிவாகும்.

செய்யற வரிசை எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. கடையறதுக்கு முன்னாடியே ஓட்டை போடணும். மூக்குல இருந்து வால் வரைக்கும் ஒரே ஓட்டை, அதுக்குள்ள துருப்பிடிக்காத கம்பி போகும். முள் எல்லாம் அந்தக் கம்பியிலதான் தொங்கும். மரமே ரெண்டா பிளந்தாலும் மீன் நம்ம கையை விட்டுப் போகாது. கடைஞ்சு முடிச்சு ஓட்டை போட்டா, நீளமான துரப்பணம் இழை வழியே வளைஞ்சு பக்கவாட்டுல வெளிய வந்துடும். அதனால சதுரக் கட்டையா இருக்கும்போதே ரெண்டு முனையில இருந்தும் போட்டு நடுவுல சந்திக்க வச்சு, அந்த ஓட்டையையே மையமா வச்சு மிஷின்ல மாட்டணும். அப்ப ஓட்டை எங்க இருக்கோ அதைச் சுத்தி மீன் உருவாகும்.

சுத்த ஆரம்பிச்சதும் முதல்ல வர்றது சத்தம். சதுர மூலைகள் உளியில டொக்கு டொக்குன்னு அடிக்கும். உருண்டையாக ஆக அந்தச் சத்தம் குறைஞ்சு, ஒரு கட்டத்துல "ஸ்ஸ்"னு ஒரே சீரா மாறும். ஐயா அளவுகோலே எடுக்க மாட்டார். பென்சிலால மூணு கோடு போடுவார், தலை, வயிறு, வால். குழிவான உளியால கனத்தை இறக்குவார். தட்டை உளியால சாய்வா சீவுவார். சுருள் சுருளா, தேங்காய்ப்பூ மாதிரி மரச்சீவல் அவர் கை மேல விழும். வால் பக்கம் ஒல்லியாக ஆக மரம் அதிரும், அப்ப இடது கை விரலை அடியில கொடுத்துத் தாங்கிக்கிட்டே வலது கையால உளியை நகர்த்துவார். நான் ஒரு உருப்படிக்கு 40 நிமிஷம் எடுத்துக்கிட்டேன். அவருக்கு ஆறு நிமிஷம். அடுத்தது அதே மாதிரி, அதுக்கு அடுத்ததும் அதே மாதிரி.

அவர் ஒவ்வொன்னையும் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுவார். மிஷினை மெதுவா சுத்த விட்டு, நகத்தை லேசா மரத்துல வச்சுப் பார்ப்பார். நகம் துள்ளினா, "ஆட்டம் இருக்கு"ம்பார். தூக்கி ஓரமா போட்டுடுவார். அம்பது வருஷமா அவர் வேலையே அதுதான். பாபின்ல ஆட்டம் இருந்தா நூல் அறுந்துடும். பம்பரத்துல ஆட்டம் இருந்தா ஆணியில நிக்காது.

அவர்கிட்ட போய் நான், "ஐயா, கடைசியில இதுக்கு ஆட்டம் வரணும்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அங்கிட்டும் இங்கிட்டும் ஆடணுமா?"ன்னார். ஆமாம்னேன். "அப்ப அதைக் கடைசல்ல கேட்காதீக தம்பி. கடைசல் நேரா வரட்டும். ஆட்டத்தை உள்ள வைங்க"ன்னார்.

மக்களே, அவர் ஒரு லூர்கூட வாழ்க்கையில பார்த்ததில்லை. நான் அதுவரைக்கும் வேற மாதிரி யோசிச்சுக்கிட்டிருந்தேன், மரத்தை மையம் தள்ளி மாட்டிக் கடையலாமான்னு ஸ்கெட்ச் எல்லாம் போட்டு வச்சிருந்தேன். அவர் சொன்னதுதான் சுலபமான வழி. வெளி உருவம் அப்படியே உருண்டையா இருக்கட்டும், எடையை மட்டும் மையத்தை விட்டு நகர்த்து. வயித்துப் பக்கமா எடை இறங்கினா, எப்படிப் போட்டாலும் வயிறு கீழ வந்து நிக்கும். அப்பதான் அதுக்கு மேல் கீழ்னு ஒன்னு பிறக்குது. அதே எடையை வால் பக்கம் தள்ளினா மூக்கு தண்ணிக்கு மேல தூக்கிக்கும். நரம்பை ஒரு சுண்டு சுண்டினா மூக்கு ஒரு பக்கம் வழுக்கும், அடுத்த சுண்டுக்கு மறுபக்கம். அங்கிட்டு, இங்கிட்டு. ஹெட்டன் கம்பெனியோட பிரபலமான ஸாரா ஸ்பூக் இதே தத்துவம்தான். நீரோட முட்டற தகடு கிடையாது, வாய் கிடையாது, சுருட்டு மாதிரி உருவம்.

எடைக்கு எல்லாரும் ஈயம் சொல்வாங்க. வலைக்குப் போடற ஈயக்குண்டு கடையில கிடைக்கும், அதை வேணா வாங்கிக்கோங்க. வீட்டு அடுப்புல ஈயத்தை உருக்காதீங்க, அந்தப் புகை விஷம், வீட்டுல குழந்தை இருந்தா யோசிக்கவே வேணாம். நான் சைக்கிள் கடைக்குப் போனேன். பின்சக்கரத்துல போடற கால் இன்ச் பால்ஸ் இருக்குல்ல, அது ஒன்னு கிட்டத்தட்ட 1 கிராம். அருமையான எடைக்கல்! எட்டு பால்ஸை ஒரு துண்டு டேப்ல சுத்தி, லூர் அடியில ரப்பர் பேண்ட் போட்டு, குளிக்கிற வாளியில மிதக்க விட்டேன். முன்ன நகர்த்தினா ஒரு கோணம், பின்ன நகர்த்தினா ஒரு கோணம். பிடிச்ச இடத்துல பென்சில் குறி. அதுக்கப்புறம்தான் வயித்துல ஓட்டை. எங்க அம்மா ரெண்டு நாள் அந்த வாளியைத் தொடவே இல்லை, அது தனிக் கதை.

பூச்சு விஷயத்துல எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு. அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் உங்க வீட்டுலயும் இருந்திருக்கும், அந்தச் சிவப்பு, பச்சை, மஞ்சள் வளையம் போட்ட சின்னச் சின்னக் குடம், அடுப்பு. அது தூரிகையால அடிச்ச பெயின்ட் இல்லை. சுத்தற மரத்துல அரக்குக் குச்சியை அழுத்தினா, உரசற சூட்டுல அரக்கு உருகி மரத்துல ஒட்டிக்கும். அப்புறம் தாழை ஓலையை வச்சு அழுத்தினா கண்ணாடி மாதிரி பளபளக்கும். என் மீனுக்கும் அப்படி ஒன்னு போட்டோம். முதுகு பச்சை, வயிறு மஞ்சள்னு போட முடியாது, ஏன்னா மிஷின் சுத்துது, வளையமாத்தான் வரும். பார்க்க அழகா, தொட்டில்ல தொங்கவிடற கிலுகிலுப்பை மாதிரி இருந்துச்சு. மீனுக்கு நிறம் அவ்வளவு முக்கியமான்னா, என் அனுபவத்துல அசைவுக்கு அடுத்துதான். ஆனா அரக்கு மட்டும் போதாது, முள் பட்டுப் பட்டுப் பேத்துக்கும், அந்த இடத்துல தண்ணி இறங்கி மரம் ஊதிடும். மேல எபாக்ஸி ரெண்டு கோட் போட்டேன். மூக்கு ஓட்டையும் வால் ஓட்டையும்தான் தண்ணி ஏறற வாசல், அங்க கூடுதலா.

சரி, மீன் வந்துச்சா? கண்மாய் எல்லாம் மீன்பாசி குத்தகைக்கு விட்டிருப்பாங்க. சும்மா போய் ராடை வீசக் கூடாது, அது இன்னொருத்தர் காசு. திருமங்கலம் தாண்டி ஒரு கண்மாயில குத்தகைக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் போனேன். ஆகாயத்தாமரை மூடின இடத்துல மர லூருக்கு வேலையே இல்லை, மூணு முள்ளும் செடியிலதான் மாட்டும். அங்க ரப்பர் தவளைதான் ராஜா, இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. திறந்த தண்ணியா, மடைக்குப் பக்கமா பார்த்துப் போட்டேன். மூணாவது ஞாயித்துக்கிழமை, காலையில ஆறரை இருக்கும். நாலாவது சுண்டுல தண்ணி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். ஒரு கிலோ சொச்சம் விரால். காவல்காரர் வந்து பார்த்துட்டு, "மூணு வாரத்துக்கு ஒன்னா தம்பி? உங்களை நம்பி நான் மசாலா அரைக்க மாட்டேன்"னுட்டுப் போயிட்டார்.

அன்னைக்கே இன்னொன்னும் நடந்துச்சு. கொஞ்சம் தள்ளி, தண்ணி மேல ஆரஞ்சு நிறத்துல பொடிப்பொடியா ஒரு கொப்பளிப்பு. விரால் குஞ்சுக் கூட்டம். நூத்துக்கணக்குல இருக்கும், மூச்சு வாங்க மேல வந்து மேல வந்து போகும். அடியில அப்பா அம்மா காவல் நிக்கும். அது மேல லூரைப் போட்டா கண்டிப்பா அடி விழும். அது பசியில இல்லை, பிள்ளைங்களுக்குப் பக்கத்துல வந்தவனை விரட்டறதுக்கு. கூட வந்த ஃப்ரெண்டு, "போடு மச்சி, ஷ்யூர் ஷாட்"னான். நான் போடலை. காவல் மீனை எடுத்துட்டா அந்தக் குஞ்சுங்களைக் கெண்டையும் கொக்கும் ஒரு நாள்ல முடிச்சிடும். அந்தக் கண்மாய்க்காரர் அடுத்த வருஷம் பிடிக்க வேண்டிய விரால் அது. யூடியூப்ல இதையே டெக்னிக்னு சொல்லித் தர்ற வீடியோ நிறைய இருக்கு. பார்க்காதீங்கன்னு சொல்ல நான் யாரு, எனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான். என் லூர்ல இப்ப முள்ளோட எதிர்ப்பல்லைத் தட்டி மழுக்கிட்டேன், வேணாம்னா மீனைக் காயமில்லாம விட்டுடலாம்.

இதைச் சொன்னதும் ஆபீஸ்ல எல்லாரும் கேட்கிற கேள்வி: "ஸ்டார்ட்அப் ஆக்கிடலாமே ப்ரோ? ஹேண்ட்மேட், மதுரை, ஆசாரி... செம ஸ்டோரி!" கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐயாவோட ஆறு நிமிஷம் சின்ன பாகம். ஓட்டை, எடை, கம்பி, பூச்சு, காய வைக்கிறது, வாளியில சோதிக்கிறது எல்லாம் சேர்த்தா ஒன்னுக்கு மூணு மணி நேரக் கை வேலை. ஆன்லைன்ல வர்ற பிளாஸ்டிக் லூர் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குது, அதுவும் நல்லாவே நீந்துது. 3டி பிரிண்டர்ல செஞ்சாலும் நல்லா நீந்தும், உள்ள எவ்வளவு காலி இடம்னு நாமளே எண் கொடுக்கலாம். அதனால இதை வச்சு அவர் பட்டறையைக் காப்பாத்தப் போறேன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லை. ஒரு மனுஷனோட வறுமையை பிராண்டிங்கா மாத்தற வேலை எனக்கு ஒத்து வராது. நான் போற நாளுக்கு அவர் பம்பரத்துக்கு வாங்கற கூலிக் கணக்குலயே மணிக்கு இவ்வளவுன்னு பேசிக் கொடுத்துடறேன். அவரும் வேணாம்னு சொல்றதில்லை.

அந்தத் தம்பியோட கேள்விக்கு என்கிட்ட இருக்கிறது இதுதான். பிரிண்டர்கிட்ட நான் எண் கொடுத்தா அது அந்த எண்ணைச் செஞ்சு கொடுக்கும். "ஆட்டத்தை உள்ள வை"ன்னு எனக்குத் திருப்பிச் சொல்லாது. அதைச் சொல்ல, அம்பது வருஷம் ஆட்டத்தை வெளிய தள்ளின ஒருத்தர் வேணும். அவர் மிஷினை எடைக்குக் கேட்டவர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். "பம்பர சீசன் முடியட்டும்"னு சொல்லி அனுப்பியிருக்கார். சீசன் எப்ப முடியும்னு அவர் சொல்லலை.

கத்துக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒன்னு. உங்க ஊர்லயும் ஒரு கடைசல் பட்டறை இருக்கும், கட்டில் கால் தொங்கிக்கிட்டிருக்கிற கடையைத் தேடுங்க. தொளதொளன்னு சட்டை, கழுத்துல ஐடி கார்டு, கையில கயிறு இதோட மிஷின் பக்கத்துல நிக்காதீங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. முதல் நாளே மீன் கடையணும்னு கேட்காதீங்க. என்னை முதல் ஆறு சனிக்கிழமையும் பம்பரம்தான் கடைய விட்டார். அதுல ஆட்டம் போனதுக்கு அப்புறம்தான் மலைவேம்பை எடுத்துக் கொடுத்தார். இந்த வாரம் மிஷினோட பெல்ட் அறுந்து கிடக்கு. நாளைக்குச் சாயங்காலம் டவுனுக்குப் போய் அளவு பார்த்து வாங்கிட்டு வரணும்.